அரை ஆழாக்கு

இரண்டாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் முன்போல் கட்டுப்படுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து, சில ஆண்டுகளில் தளர்கிறது. உண்ட மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கும். திசுக்கள் அதை எடுத்துக்கொள்ளத் தாமதமாகும். இரத்தச் சர்க்கரை ஏறி நிற்கும். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 மில்லிகிராம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையில் 6.5 சதவீதம் ஆகியவை நீரிழிவின் எல்லைக்கோடுகள். சாப்பாட்டின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு வேளையில் எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது, அது எவ்வளவு விரைவில் இரத்தத்தில் சேர்கிறது என்ற இரண்டுமே முதன்மையானவை. காவிரிப் பாசன ஊர்களில் இந்த இரண்டையும் தீர்மானிப்பது சோறு.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில், 1990களின் நடுவில், வீட்டின் மூத்த பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா. அப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்த நிலத்து நெல் பத்தாயத்தில் இருந்தது. அதை அவித்துக் காயவைத்து மில்லில் அரைத்த புழுங்கலரிசிதான் அன்றாடச் சமையலுக்கு. பகல் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்பது உலைக் கணக்கு. யாராவது வந்தாலும் வருவார்கள் என்று கூட ஓர் ஆழாக்கு விழும். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று தட்டில் மூன்று முறை சோறு போடப்படும். இரவிலும் சோறுதான். காலையில் இட்லி, இல்லையென்றால் பழையது.

சமைத்தவர் கடைசியில் உட்காருவது அந்த வீட்டு வழக்கம். பெரியம்மா உட்காரும் நேரத்தில் பொரியல் வழித்துத் துடைத்தாற்போல் தீர்ந்திருக்கும். அடிக்குழம்பும் மீந்த சோறும் இருக்கும். சோற்றைக் கொட்டுவது பாவம் என்பதால் மீந்ததை அவரே போட்டுக்கொண்டு முடிப்பார். அவருடைய சாப்பாட்டின் அளவு அவர் பசியைப் பொறுத்ததாக இல்லை, பானையில் மீந்ததைப் பொறுத்ததாக இருந்தது. நீரிழிவு உணவைப் பற்றிய பொதுவான அறிவுரைகளில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை. ஆனால் அந்த வீட்டில் நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு இதை மாற்றியதற்கு உண்டு.

வயலில் கால்விரலில் பட்ட சிறு காயம் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்ததும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்ததும் அவரை மருத்துவரிடம் கொண்டுபோயின. மாத்திரைச் சீட்டோடு அச்சடித்த தாள் ஒன்றும் கிடைத்தது. சர்க்கரை, வெல்லம், கிழங்கு வகை, வாழைப்பழம், மாம்பழம் எல்லாம் கூடாது, இரவில் சப்பாத்தி, பகலில் சாதம் ஒரு கப். அந்தக் கப் எந்தக் கப் என்று தாளில் இல்லை. அந்த வீட்டில் அரிசியை ஆழாக்கில் அளப்பார்களே தவிர, சோற்றை யாரும் எதிலும் அளந்ததில்லை.

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கென்று முறையான சிகிச்சை தொடங்கி அதற்குள் நெடுங்காலம் ஆகியிருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார்; பின்னர் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். நார்ச்சத்து மிகுந்த உணவை நீரிழிவுக்காரர்களுக்கு வலியுறுத்திய முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஆனால் அறிவு நகரத்து மருத்துவமனையிலிருந்து கிராமத்து அடுப்படிக்கு வரும்போது பெரும்பாலும் கூடாதவற்றின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. எதை, எவ்வளவு, எதற்குப் பதிலாகச் சாப்பிடுவது என்பது அவரவர் வீட்டில்தான் முடிவாக வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்தது பத்தியம். பெரியம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல்: காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் சப்பாத்தி, பகலில் கொஞ்சம் சோறும் வேகவைத்த காயும். வீட்டுக்கெல்லாம் சமைத்துப் போட்ட பிறகு தனக்கென்று மாவு பிசைந்து சப்பாத்தி இடுவது அவருக்குச் சுமையாகத் தெரிந்தது. மருமகள் செய்து தந்தபோது, தனக்காக இன்னொருத்தி அடுப்படியில் நிற்கிறாளே என்ற கூச்சம் வந்தது. “எனக்குன்னு தனியா எதுக்கும்மா” என்பதே அந்த நாட்களில் அவர் வாயில் அடிக்கடி வந்த பேச்சு. அறுவடைக் காலத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு போடும் அவசரத்தில் பத்தியம் நின்றது. அறுவடை முடிந்த பிறகு மீண்டும் தொடரவில்லை. தனிச் சமையல் என்பது வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் காலத்துக்கு மட்டுமே தாங்குகிறது. பேறுகாலம், துக்க வீடு, திருவிழா, மழைக்காலம் என்று ஏதாவது ஒன்று வந்ததும் முதலில் விழுவது அதுதான்.

அந்தப் பத்தியம் எதிர்பார்த்த அளவுக்குச் சர்க்கரையைக் குறைக்கவும் இல்லை. அதற்கான காரணம் வீட்டுக்கு வந்த ஒரு புத்தகத்தில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கோபாலன் முதலியோர் தொகுத்த இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை நூலாக வெளியிட்டிருந்தது. ஊட்டச்சத்துப் படித்த உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பாடப்புத்தகமாக அது அங்கே வந்து சேர்ந்தது. அதன்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், கேழ்வரகில் 72, கோதுமை மாவில் 69, கம்பில் 67. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ கேழ்வரகுக்கோ மாறினால் சர்க்கரை குறைந்துவிடும் என்ற ஊர் நம்பிக்கைக்கு அந்த எண்களில் இடமில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, 100 கிராமில் 344 மில்லிகிராம். நார்ச்சத்தும் அரிசியைவிடக் கூடுதல். ஆயினும் அதை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது மாவுச்சத்து விரைவாகச் செரித்து இரத்தத்தில் ஏறிவிடுகிறது. சப்பாத்தியும் அப்படித்தான். இரண்டு என்று எழுதிக் கொடுத்தது நான்காகும்போது அது சோற்றுக்கு நிகராகிவிடுகிறது.

ஓர் ஆழாக்கு அரிசி எடையில் ஏறக்குறைய 150 கிராம். அதில் மாவுச்சத்து 115 கிராமுக்கு மேல். மூன்று தடவை சோறு போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு ஒரு வேளையிலேயே இவ்வளவும் குளுக்கோஸாக இரத்தத்துக்குள் வரும். பாதி ஆழாக்கானால் சுமார் 58 கிராம். எந்தத் தானியம் என்ற கேள்வி பின்னுக்குப் போய், எவ்வளவு தானியம் என்ற கேள்வி அந்த வீட்டில் முன்னுக்கு வந்தது இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

கணக்குச் சரிதானா என்று பார்க்க அளவுகோல் வேண்டும். தொடக்கத்தில் இருந்தது பெனடிக்ட் கரைசல் சோதனை. சோதனைக்குழாயில் 5 மில்லி நீலக் கரைசலை விட்டு, எட்டுச் சொட்டுச் சிறுநீர் சேர்த்துக் கொதிக்கவைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் மாறும். இதில் ஒரு குறை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். நீலம் நீலமாகவே நின்றாலும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று பொருளில்லை. சில ஆண்டுகள் கழித்து, வெளியூரில் வேலைபார்த்த மகன் குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தபோது நிலைமை மாறியது. ஸ்ட்ரிப்பின் விலை அன்று பெரிய செலவு. அதனால் கண்டபடி சோதிக்காமல், ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சோதிக்கும் பழக்கம் உண்டானது. சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சாப்பாட்டின் கணக்கு. அதை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்பதோடு சேர்த்து எழுதி வைத்தார்கள்.

அந்தத் தாள்களிலிருந்து தெரிந்தவை எல்லாம் ஊட்டச்சத்து அறிவியல் ஏற்றுக்கொண்டவையே. டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் சர்க்கரை ஏற்றக் குறியீடு என்ற கருத்தை முன்வைத்தார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு, மாவுச்சத்து உள்ள மற்ற உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகின்றன என்பதை ஒப்பிடும் எண் அது. அரிசிக்கு ஒரே எண் கிடையாது. அமிலோஸ் என்ற மாவுப்பொருள் மிகுந்த ரகங்கள் மெதுவாகச் செரிக்கும். ஒட்டிக்கொள்ளும் ரகங்கள் விரைவாகச் செரிக்கும். நெல்லை அவித்து அரைத்த புழுங்கலரிசி பொதுவாகப் பச்சரிசியைவிட மெதுவாக ஏற்றும். பெரியம்மாவின் தாளிலும், பச்சரிசிப் பொங்கல் சாப்பிட்ட காலையின் எண், அதே எடைப் புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்ட பகலின் எண்ணைவிட எப்போதும் கூடுதலாக இருந்தது. குழைய வெந்த சோறு ஏற்றியது. உதிரி உதிரியாக வடித்த சோறு அவ்வளவு ஏற்றவில்லை. வெந்த சோறு ஆறிக் குளிரும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால் பழையது சூடான சோற்றைவிடச் சற்று மெதுவாக ஏற்றும். ஆனால் வித்தியாசம் சிறிது. அதைச் சாக்காக வைத்து ஒரு சட்டிப் பழையதைக் குடித்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும்.

இவற்றிலிருந்து உருவான உணவுமுறைக்கு ஒரே அடிப்படை: வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், தட்டில் பங்கீடு மட்டும் வேறு. அதற்கு முதல் வேலை உலையில் நடந்தது. பெரியம்மாவின் பங்குக்கு ஓர் ஆழாக்கு என்றிருந்தது அரை ஆழாக்கானது. வரக்கூடிய விருந்தாளிக்கென்று போட்ட கூடுதல் ஆழாக்கு நின்றது. யாராவது வந்தால் புதிதாக வடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மீதி இல்லையென்றால் மீதியைத் தின்று தீர்க்கும் வேலையும் இல்லை. இரண்டாவதாக, அவர் கடைசியில் உட்காருவது நின்றது. முதல் பந்தியிலேயே உட்காரச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. “அத்தை, நீங்க மாத்திரை போட்டுட்டு அரை மணிக்குள்ள சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்று மருமகள் மருத்துவரைத் துணைக்கு இழுத்த பிறகுதான் இறங்கிவந்தார். முதலில் உட்கார்ந்ததால் காய் கிடைத்தது. அரிசி குறைந்ததைவிடவும் பெரிய மாற்றம் இதுவாகவே இருக்கக்கூடும்.

மூன்றாவது மாற்றம் சாப்பிடும் வரிசையில். பொரியலும் கூட்டும் தொட்டுக்கொள்ளும் பொருள்களாக இருந்தவை. அவற்றில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைப்பது என்றானது. காயும் புரதமும் முதலில் போய்ச் சோறு பின்னால் போனால், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைவதாக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் பின்னாளில் காட்டின. நார்ச்சத்தும் புரதமும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவது இதற்கு ஒரு காரணம். சோறு ஒரு தடவைதான், அதுவும் குழம்புக்கு. ரசம் டம்ளருக்குப் போனது. மோரும் டம்ளருக்குப் போனது. தஞ்சை மாவட்டத்துச் சாப்பாட்டில் எந்தச் சுவையும் விட்டுப்போகாமல், இரண்டு தடவைச் சோறு மட்டும் இப்படி விட்டுப்போனது. மீன் குழம்பு நாள்தான் கடினமாக இருந்தது. மீனில் மாவுச்சத்து கிடையாது. ஆனால் குழம்பின் ருசி சோற்றை இழுக்கும். அன்றைக்குக் குழம்பைக் குறைத்து, மீன் துண்டைக் கூட்டிப் பார்த்தார்கள்.

சோறு குறைந்த இடத்தை வேறு எதனாலாவது நிரப்பாவிட்டால் மூன்று மணிக்கே பசி எடுத்து, கைக்குக் கிடைத்த முறுக்கில் போய் முடியும். காய் அந்த இடத்தை நிரப்பியது. அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை, கத்தரி, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் அந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை. பாதி கொல்லையிலேயே விளைந்தன. இவற்றில் 100 கிராமுக்கு மாவுச்சத்து பெரும்பாலும் 10 கிராமைத் தாண்டாது. ஆனால் ஐந்தாறு பேருக்குத் தட்டில் கால் பங்கு சோறும் பாதிப் பங்கு காயும் வைப்பதென்றால், அரிவாள்மணையில் உட்காரும் நேரம் இரட்டிப்பாகிறது. வாழைப்பூவை நரம்பு எடுத்து ஆய்வதும் கீரை ஆய்வதும் ஒருவர் வேலையாக இருந்தால் இந்த உணவுமுறை ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. முதல் நாள் இரவே காய் ஆயும் வேலை பெரியப்பாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனது. காயில் தேங்காய்த் துருவல் குறையவில்லை. எண்ணெய் மட்டும் அளவுக்கு வந்தது.

பருப்பும் பயறும் அடுத்த துணை. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றிலும் 100 கிராமில் 60 கிராமை ஒட்டி மாவுச்சத்து உண்டு. ஆனால் 22 கிராமை ஒட்டிப் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் மெதுவாகவே செரிக்கின்றன; ஏற்றக் குறியீட்டு அட்டவணைகளில் இவற்றுள் பெரும்பாலானவை 40க்குக் கீழே நிற்கின்றன. மாலையில் பஜ்ஜிக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாகச் சுண்டல் வந்தது. காலைப் பலகாரத்திலும் பருப்பு ஏறியது. கையகல இட்லி ஒன்றில் மாவுச்சத்து 10 முதல் 12 கிராம். ஐந்து இட்லியும் காப்பியும் என்றால் காலையிலேயே 60 கிராம் வந்துவிடும். இட்லி மூன்றாகக் குறைந்து, சாம்பார் கிண்ணம் நிறைய வந்தது. வாரத்தில் சில நாள் அரிசியைவிடப் பருப்பு கூடுதலாகப் போட்ட அடையும் முருங்கைக்கீரையும், சில நாள் பாசிப்பயற்றுத் தோசையும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டார். இரண்டு சப்பாத்தி அல்லது ஒரு கரண்டிச் சோறு, மீதி எல்லாம் கூட்டு.

சர்க்கரை போட்ட காப்பி நாளொன்றுக்கு நான்கு வேளை இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. ஒரு கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். நான்கு காப்பியில் 32 கிராமுக்குக் குறையாது. இதை ஒரே நாளில் நிறுத்தாமல், முதலில் காப்பியை இரண்டாக்கி, பிறகு சர்க்கரையை ஒன்று, அரை, கால் கரண்டி என்று இறக்கினார்கள். நாக்கு புதிய அளவுக்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன. இடையில் கருப்பட்டிக் காப்பி குடித்தால் கெடுதல் இல்லை என்று ஒருவர் சொல்ல, அதுவும் நடந்தது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் தாதுக்கள் சிறிது கூடுதலாக இருக்கலாம். முதன்மையான பொருள் சர்க்கரைதான். இரத்தத்தில் அது ஏறும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை மீட்டரே காட்டியது; கருப்பட்டி பொங்கல் பண்டிகைக்குப் போய்விட்டது.

பழம் விஷயத்தில் அந்த அச்சுத் தாள் அளவுக்குக் கடுமை தேவைப்படவில்லை. கொய்யா, பப்பாளி, நாவல், சாத்துக்குடி சுளையாக அளவோடு சாப்பிட்டால் எண் பெரிதாக நகரவில்லை. அவற்றையே சாறாகப் பிழிந்தால் நார் போய்விடும், இரண்டு மூன்று பழம் ஒரு டம்ளரில் இறங்கிவிடும். மாம்பழக் காலத்தில் ஒரு கீற்று, சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலையில். சோற்றின் மேல் மாம்பழம் விழுந்த நாட்களின் எண்கள் தாளில் தனியாகத் தெரிந்தன.

மூலிகை சொல்லாத உறவினர் கிடையாது. பாகற்சாறு, ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி, ஊறவைத்த வெந்தயம் என்று ஒவ்வொன்றும் ஒரு பருவம் அந்த வீட்டில் ஓடியது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்புச் சுவையை மறைப்பதே காரணம். பாகற்காய்க்கு நீரிழிவு மருந்தாகப் போதிய சான்று இல்லை என்று 2012இல் காக்ரேன் தொகுப்பாய்வு முடிவுசெய்தது; பொரியலாகச் சாப்பிட அது நல்ல காய். வெந்தயத்துக்குச் சான்று சற்று உண்டு. அதன் கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி மாவுச்சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 25 கிராமும் அதற்கு மேலும். இரவில் ஒரு கரண்டி ஊறவைத்துக் காலையில் விழுங்குவது அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். அடையிலும் குழம்பிலும் தோசை மாவிலும் வெந்தயத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு எந்த மூலிகையையும் நம்பவில்லை. நம்பி நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காலில் புண்ணோடு படுத்ததைத் தெருவே பார்த்திருந்தது.

பண்டிகையும் கல்யாணமும் இந்த ஒழுங்குக்குச் சோதனை. கல்யாணப் பந்தியில் முதலில் விழுவது இனிப்பு. இலையில் விழுந்ததை ஒதுக்கினால் பரிமாறுபவர் முகம் வாடும். பெரியம்மா கண்டுபிடித்த வழி, இனிப்பைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையின் இலைக்கு மாற்றுவது. பிறகு கூட்டு, பொரியல், அவியல், பச்சடி. சோறு சாம்பாருக்கு மட்டும். பாயசம் இலையில் ஊற்ற வேண்டாம் என்று முன்னதாகவே இலையின் மேல் கையை நீட்டிவிடுவார். தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் நிற்கவில்லை. அளவு குறைந்தது, சுட்டதைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்குச்சட்டியை இரண்டு நாளில் காலிசெய்தார்கள். விரதம்தான் ஆபத்தானது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சஷ்டி விரதத்தில் ஒரு தடவை அவருக்கு உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குளறியது. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். இத்தகைய லோ சுகருக்கு மருத்துவ விதியும் ஏறக்குறைய அதுவே: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறு சோதனை, இன்னும் ஏறவில்லை என்றால் மீண்டும் 15 கிராம். மயங்கிய நிலையில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு விரதம் பாலும் பழமும் கொண்டதாக மாறியது. அன்றைய மாத்திரையை மருத்துவரைக் கேட்டே மாற்றினார்கள்.

சாப்பாட்டோடு சேர்ந்தது நடை. தசை வேலைசெய்யும்போது இன்சுலினின் துணை அவ்வளவாக இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலை நடை நல்லதென்றாலும், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் பகல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடப்பதற்குத் தனிப் பயன் உண்டு. பகலில் உண்ட களைப்பில் திண்ணையில் படுத்து எழும் பழக்கத்தை விட்டு, கொல்லைக்கும் வாசலுக்குமாக அவர் நடந்துகொண்டிருப்பார். சோறு குறைந்த பின் உண்ட களைப்பும் குறைந்தது.

இவை எல்லாம் ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாக நிலைத்தன. உடம்பின் எடை குறைந்தது; வெறும் வயிற்றுச் சர்க்கரை 130ஐ ஒட்டியும் சாப்பிட்ட பின் 180ஐ ஒட்டியும் பெரும்பாலான நாட்கள் நின்றது. இவை நீரிழிவுக்காரர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக வைக்கும் இலக்குகளின் மேல் எல்லை. மாத்திரையின் அளவு பாதியானது, அடியோடு நிற்கவில்லை. நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவின் எல்லைக்குக் கீழே இறங்கியதை 2017இல் பிரிட்டனில் வெளியான டைரக்ட் ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. பிரிட்டனிலேயே 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைந்ததைக் காட்டியதோடு, ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் திறன் குறைந்துகொண்டே போவதையும் காட்டியது. பெரியம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயதில் இரண்டாவது மாத்திரையும், அறுபத்தைந்துக்குப் பிறகு இரவு இன்சுலின் ஊசியும் சேர்ந்தன. வீட்டில் சிலர் அதை உணவுமுறையின் தோல்வி என்று நினைத்தார்கள். உணவு செய்யும் வேலை, உள்ள கணையத் திறனுக்கும் போடும் மருந்துக்கும் மேல் சுமை ஏற்றாமல் இருப்பது. ஊசி வந்த பிறகும் அரை ஆழாக்கு அரை ஆழாக்காகவே இருந்ததால், ஊசியின் அளவு ஆண்டுக்கணக்கில் சிறிதாகவே நின்றது.

மாத்திரைக் காலத்துக்கும் ஊசிக் காலத்துக்கும் உரிய சில திருத்தங்களும் இருந்தன. நீண்டகாலம் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும் என்பதால் அதைச் சோதிக்க வேண்டியிருந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் வழக்கமான அளவு பொருந்தாது. கஞ்சியும் உப்பிட்ட மோரும் கொடுத்து, சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பருப்பு, கீரை, பழத்தின் அளவே மாறிவிடும். ஆண்டுதோறும் கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், காலின் உணர்வு ஆகியவற்றைப் பார்க்காமல், மீட்டரில் எண் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கில், நாட்டில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர், வயதுவந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். அந்த வீட்டில் நோயாளிக்கென்று தனிச் சமையல் நின்று, ஒரே சமையலின் பங்கீடு மாறியதன் பயன் இங்கேதான் தெரிகிறது. காய் கூடிய, சோறு குறைந்த தட்டுக்குப் பிள்ளைகளும் மருமக்களும் வளரும் பேரப்பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்கள் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டால் நோய் வருவது 28.5 சதவீதம் குறைகிறது என்று, சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு காட்டியது. அந்த வீட்டின் மூத்த மகன் நாற்பது வயதில் விளிம்பில் இருப்பதாகத் தெரிந்தபோது, அவருக்கென்று புதிதாக எந்தப் பத்தியமும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. உலையில் போடும் அரிசியில் அவர் பங்கிலும் கொஞ்சம் குறைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.